திங்கக்கிழமை எடுக்கிற விரல்

இல்லய்யா, வலது பக்கமே போ. அந்த லாரிய முந்தாத. அவன் சக்கரத்துலேர்ந்து அடிக்கிற பனிச்சேறு பூரா நம்ம கண்ணாடியிலதான் வந்து விழும். அப்புறம் நீ வைப்பரப் போட்டுட்டு முன்னால என்ன வருதுன்னே தெரியாம தடவிக்கிட்டு இருப்ப. என்ன அவசரம் ஃபெரி? பத்தரைக்குத்தான வரச்சொல்லியிருக்காங்க. கொஞ்சம் லேட்டாப் போனா என்ன, விரலு ஓடியா போயிரும்? திங்கக்கிழம வரைக்கும் என் கையிலதான ஒட்டிக்கிட்டு இருக்கப்போகுது.

சொல்லாதன்னா எப்படி? இல்லாததையா சொல்றேன்? இன்னைக்குக் கடைசிச் சோதனை. அந்தத் தெரேசாப் பொண்ணு என் கையத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் வாங்கி வச்சுக்கிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ண வச்சுத் தொட்டுத் தொட்டு, தெரியுதா மிஸ்டர் வோல்னியாக், இப்பத் தெரியுதான்னு கேக்கப்போறா. நான் தெரியலம்பேன். அவ எழுதிக்குவா. ஹெல்ட்மன் டாக்டரம்மா போன தடவையே சொல்லியாச்சு, நீயும் பக்கத்துலதான நின்ன. உணர்ச்சி திரும்புதுன்னா இந்தச் சுண்டுவிரல வச்சுக்கலாம், மாசக்கணக்குல மருந்து குடுத்தாவது எலும்புல இருக்கிற சீழ ஆத்திரலாம். மரக்கட்டையாவே இருந்தா இன்னைக்கு ஆத்தினாலும் நாளைக்கு வேற எதுலயாவது கொண்டு போய்ச் சுட்டுக்குவீங்க, அதனால எடுத்துடறதுதான் நல்லதுன்னு சொன்னாங்க. நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன். இடது கையால, கோழி கிளறின மாதிரி.

திங்கக்கிழமையும் நீதான் கூட்டிட்டு வரணும். வேற யாரு இருக்கா எனக்கு?

மூஞ்சிய அப்படி வச்சுக்காத. ரோட்டப் பாரு.

ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்றேனா? ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். டொலீடோவுலேர்ந்து கிளீவ்லாந்து வரைக்கும் நீ அத வேற ஒருத்தன் வாயாலயா கேக்கப்போற? நீ மறந்துறக்கூடாதுல்ல. ஜூலை மாசம். பல்லு டாக்டர் ஒருத்தனோட கடைக்கு முன்பக்கக் கண்ணாடி. நான் முன்னாடி, நீ பின்னாடி தூக்கிட்டுப் போறோம். நம்ம பட்டறையில சேர்ற அன்னைக்கே என்ன சொல்லிக் குடுக்கறாங்க? முன்னாடி போறவன் காலு, பின்னாடி வர்றவன் கண்ணும் காதும். முன்னாடி போறவனுக்கு வழி மட்டும்தான் தெரியும், கண்ணாடி தெரியாது. கண்ணாடி ஒரு தடவ டிக்குன்னா போதும், பின்னாடி இருக்கறவன் விடுன்னு கத்தணும். ரெண்டு பேரும் கைய விட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் குதிக்கணும். கண்ணாடி போனா மயிராப் போச்சு. அதப் பிடிக்கப் போறவனுக்குத்தான் கை போகும்.

கத்துனியாக்கும். ஆமா, கத்துன. நீ கத்துன, மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல. இதத்தான விசாரணையில சொன்ன. இதத்தான கோயில்ல பாதிரியார்கிட்ட சொன்ன. இதத்தான இலோனாகிட்ட சொன்ன. உன் பொண்டாட்டி இன்னைக்கும் என்கிட்டப் பேசறப்ப ஊருக்கே கேக்கற மாதிரி கத்துறா, அது தெரியுமா உனக்கு? பட்டறையில என்னக் காது டெஸ்டுக்கு அனுப்புனாங்க. பயலுக எனக்குச் செவிட்டு வோல்னியாக்னு பேரு வச்சானுங்க. எனக்குக் காது எப்படிக் கேக்கும்னு உனக்குத் தெரியும். ரெண்டு ரூம் தள்ளி நீ பீர் கேனத் திறந்தா எனக்குக் கேக்கும்.

வெட்டுப்படாம இருக்க மாட்டுற முழங்கை உறையா? அத ஏன்யா இப்ப இழுக்குற. ஜூலை மாசம், பட்டறைக்குள்ள நின்னா உலைக்குள்ள நிக்கற மாதிரி இருந்துச்சு. எவன் போட்டான்? நீ போட்டியா?

போட்டிருந்தியா?

சரி, போட்டிருந்த. அதனாலதான் உனக்கு மணிக்கட்டு வெட்டோட போச்சு. எனக்கு முழங்கைக்குக் கீழ ஆப்பிள் நறுக்கின மாதிரி. அத விடு.

பாத்து, பாலத்து மேல வழுக்கும். ஆ… பாத்தியா, இழுக்குது பாரு. மெதுவா.

அந்த டாக்டரம்மா அன்னைக்குச் சாயங்காலம் நம்ம ரெண்டு பேர் கட்டிலுக்கும் நடுவுல நின்னுதான சொன்னாங்க. நரம்பு அறுந்து நடுவுல இடைவெளி விழுந்திருச்சு, அதுல சின்னதா ஒரு குழாய வச்சுத் தைப்போம், அந்தக் குழாய்க்குள்ள கண்ணுக்கே தெரியாத உருண்டைங்க இருக்கும்னு. நானோ துகளாம். நரம்ப வளரவைக்கிற சத்த அப்படியே ஊத்துனா ஒடம்பு ஒரே நாள்ல அடிச்சுக்கிட்டுப் போயிருமாம். அதனால உருண்டைக்குள்ள அடைச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் கசிய விடறாங்களாம். நாய் மோப்பம் பிடிச்சுக்கிட்டே போற மாதிரி நரம்பு அதப் பிடிச்சுக்கிட்டே விரலப் பாத்து ஊர்ந்து வருமாம். ஒரு நாளைக்கு ஒரு சின்னக் காசோட தடிமன் தூரம். அவ்வளவுதான் வேகம். நான் சொன்னேன், எங்க பட்டறை மேஸ்திரி இதவிட வேகமா நடப்பான்மான்னு. நீ சிரிச்ச. கையில அவ்வளவு பெரிய கட்டப் போட்டுக்கிட்டுச் சிரிச்ச.

அப்புறம்தான அந்தம்மா முக்கியமானதச் சொன்னாங்க. பாதிப் பேருக்குச் சத்து அடைச்ச உருண்டை, பாதிப் பேருக்கு வெறும் உருண்டை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது, தெரேசாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. எல்லாரோட கடைசிச் சோதனையும் முடிஞ்சப்புறம்தான் பிரிச்சுப் பாப்பாங்க.

எனக்கு அதெல்லாம் பிரிச்சுப் பாக்க வேண்டியதில்ல. எனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் பூசறப்ப நீ ஐயோ சுடுதுன்னு கத்தி முட்டையக் கீழ போட்டியாம். இலோனா ஃபோன் பண்ணினா. சிரிக்கறா, அழறா, மறுபடி சிரிக்கறா. சுடுதாம் காஸிமிர், அவருக்குச் சுடுதாம்னு. நான் நல்லதும்மான்னு சொல்லிட்டு ஃபோன வச்சேன். வச்சுட்டு என் சுண்டுவிரல எடுத்து மேசையில தட்டிப் பாத்தேன். கதவத் தட்டற சத்தம்தான் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் விரல் மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். கத்த வேண்டியவன் கத்தல, சத்துள்ள உருண்டையும் அவனுக்கே போயிருச்சுன்னு.

தூரம், தூரம்… அதான் எனக்கும் தெரியுமே. உன் வெட்டு மணிக்கட்டுல, விரலுக்குக் கிட்ட, அதனால சீக்கிரம் வந்துச்சு, என் வெட்டு மேல, நரம்பு நடந்து வர நாளாகும். டாக்டரம்மா படமெல்லாம் போட்டுக் காட்டுனாங்க. உனக்கு வெறும் உருண்டையாக்கூட இருக்கலாம்னு சொன்னாங்க. அவங்களுக்கென்ன, சொல்லுவாங்க.

இந்த சர்வீஸ் பிளாசாவுல நிறுத்தேன். ஒண்ணுக்குப் போகணும்.

போன தடவ நிறுத்தினப்ப அப்ப வந்துச்சு, இப்ப இப்ப வருது. வயசாயிருச்சுல்ல. ஏன், அங்க போய் என்ன செய்யப்போறோம்? அந்தக் காத்திருக்கற ரூம்ல மீன்தொட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். சரி, போ, போ. நிறுத்த வேண்டாம். அடக்கிக்கறேன்.

என்ன கேட்ட? ஊசி டெஸ்டா? அதான் வேண்டாம்னுட்டேன்ல. சதைக்குள்ள ஊசிய விட்டுக் கரண்டு வருதா போகுதான்னு பாக்கறது. முதல்ல ரெண்டு தடவ விட்டேன், போதும். கட்டாயமில்ல, அவங்க காகிதத்துலயே போட்டிருக்கு. தெரேசா தொடறா, நான் சொல்றேன், அது பத்தாதா? அந்தப் பொண்ணே சொன்னா, தொட்டா தெரியறது தெரியாதது நீங்க சொல்றதுதான் மிஸ்டர் வோல்னியாக், உங்க வாயிலேர்ந்து வர்றதுதான் எங்களுக்குக் கணக்குன்னு. டாக்டரம்மாவும் போன தடவ என்னையே பாத்துக்கிட்டு, உள்ளத உள்ளபடி சொல்லணும், இது உங்க ஒருத்தர் விரல் விஷயமில்ல, பின்னால வர்றவங்களுக்கு இந்த உருண்டை வேலை செய்யுமான்னு உங்களையெல்லாம் வச்சுத்தான் முடிவாகும்னாங்க. ஏன் என்னையே பாத்துச் சொன்னாங்கன்னு தெரியல.

ஏன் வேண்டாம்னேன்னா வேண்டாம்னேன். என் கை, என் இஷ்டம். நீ போலீஸா?

உன்ன நான் ஒண்ணும் கட்டிப்போடலயேய்யா. நீயா வர்ற. காலைல வந்து சட்டை பட்டன் போட்டுவிடற. என் வீட்டு வாசல்ல பனி அள்ளுற. அள்ளுறதும் அரைகுறை, தபால்காரன் போன வாரம் வழுக்கி விழத் தெரிஞ்சான். ஞாயித்துக்கிழமையானா இலோனா கோஸ் இலையில கறியச் சுருட்டிக் குடுத்தனுப்பறா. உப்பே போடறதில்ல அவ. நான் சொல்லவா செய்யறேன்? பேசாம சாப்பிடறேன். டப்பாவக் கழுவித்தான் திருப்பித் தர்றேன், ஒத்தக் கையால.

அடிபட்டு அடுத்த வருஷம், ஜூலை நாலாந்தேதி, சுதந்திர தின லீவு, ஞாபகம் இருக்கா? உங்க வீட்டுப் பின்கட்டுல நீ சாஸேஜ் சுட்டுக்கிட்டு இருந்த. நான் அடுப்பு ஓரத்துல கைய ஊனிக்கிட்டு நின்னேன். எல்லாருக்கும் முன்னால நான்தான் கத்துனேன், யாருய்யா கறியத் தீய விட்டது, ஃபெரிக்குக் கறி சுடவும் தெரியாதான்னு. எல்லாரும் சிரிச்சீங்க. இலோனாதான் முதல்ல பாத்தா. தீஞ்சது கறியில்ல, என் விரலு. வலிக்கவே இல்ல ஃபெரி. ஒரு சொட்டுக்கூட. நான் மோந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்குப் பிடிச்ச புண்ணுதான் இன்னைக்கு எலும்பு வரைக்கும் போயிருக்கு.

அதனால எடுக்கட்டும். எடுத்துட்டா நிம்மதி. உனக்கும் பாக்கறப்பல்லாம் ஞாபகம் இருக்கும். நான் பீர் கிளாஸத் தூக்கறப்பல்லாம் இங்க ஒரு இடம் காலியா இருக்கும், நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்ப.

ஏன் ஓரங்கட்டுற?

ஃபெரி. யோவ். என்ன செய்யற? இது நிறுத்தற இடமில்லய்யா. டயர் பஞ்சரா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே. விளக்கையாவது போடு, அந்த மின்னுற விளக்கு. பின்னால வர்றவனுக்கு நாம தெரிய வேண்டாமா. இந்தப் பனியில எவனாவது வந்து மோதினா ரெண்டு பேரும் கிளீவ்லாந்து போக வேண்டியதில்ல, நேரா மேலதான். பாரு, லாரி போற காத்துக்கே வண்டி ஆடுது. எடுய்யா வண்டிய.

பேசணும்னா ஓட்டிக்கிட்டே பேசு. நான் எங்க ஓடப்போறேன்?

நெஞ்சு வலிக்குதா? கையக் குடு. அப்புறம் ஏன் அந்த ஸ்டீயரிங்கப் போட்டு அப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்க? ஃபெரி, என்னப் பயமுறுத்தாத. உனக்கு ஏதாவதுன்னா எனக்கு வண்டி ஓட்டக்கூட வராது இந்தக் கைய வச்சுக்கிட்டு.

ம். சொல்லு. இங்கதான் இருக்கேன்.

என்ன?

திரும்பச் சொல்லு. லாரி சத்தம். நிஜமாவே லாரி சத்தம்யா, செவிடுன்னு நினைக்காத. திரும்பச் சொல்லு.

கத்தல.

கத்தவே இல்ல.

கேட்டுச்சு உனக்கு. டிக்குன்னு கேட்டுச்சு. கேட்டும் கத்தல… ரெண்டாவது சத்தத்துக்காக நின்ன.

இரு. பேசாத. நான் சொல்றேன்.

எனக்குத் தெரியும்யா. அன்னைக்கே தெரியும். நம்ம தொழில்ல அத்தன வருஷம் இருந்தவன் எவனும் அப்படித்தான் நிப்பான். புதுப்பயலா இருந்தா முதல் சத்தத்துலயே அலறியிருப்பான், கண்ணாடி போயிருக்கும், மேஸ்திரி திட்டியிருப்பான், நம்ம கை நம்மகிட்ட இருந்திருக்கும். பழகினவனுக்குத்தான் அந்தத் திமிரு. முதல் சத்தம் கண்ணாடி அடுக்குற மரச்சட்டத்தோட முனகலா இருக்கும், இன்னொண்ணு கேக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு காத வச்சுக்கிட்டு நிப்பான். ரெண்டாவது சத்தம் வர்றப்ப கண்ணாடி நம்ம கையில இல்ல, நம்ம கைக்குள்ள இருக்கு. அது தப்புதான். பெரிய தப்புதான். ஆனா என் கோபம் அதுக்காக இல்லய்யா. அதுக்காகன்னா நான் அந்த வருஷமே மறந்திருப்பேன்.

நீ என்னச் செவிடனாக்குனதுக்கு.

கத்துனேன் கத்துனேன்னு சொல்லிச் சொல்லி, ஊரையே நம்ப வச்சியே. எனக்கே சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? ராத்திரி ரேடியோவக் கம்மியா வச்சுக்கிட்டுக் கேக்குதா கேக்குதான்னு பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கேன். காஸிமிர், எனக்குக் கேட்டுச்சு, நான் கத்தலன்னு ஒரு வார்த்த. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்த. கையெட்டற தூரம்.

அழாத. மூக்கத் துடை. இந்தா, துடைக்கிற துணி. ஐய, அது கண்ணாடி துடைக்கிறது, அழுக்கு. வேற இருக்கு பாரு அந்தப் பெட்டிக்குள்ள.

இலோனாகிட்ட சொல்லுவியா? இன்னைக்கேவா? பாதிரியார்கிட்ட? அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம், அவரு எங்க போகப்போறாரு. பட்டறையில சொல்லணும். எல்லாரும் இருக்கறப்ப, சாப்பாட்டு நேரத்துல, சத்தமா. சரி. சரி, போதும். ஏன் இத்தன நாள் கழிச்சு இப்பன்னு நான் கேக்கல. தெரியுது. திங்கக்கிழமையப் பாத்துப் பயந்துட்ட. என் கையில அந்த இடம் காலியா இருக்கறத உன்னால பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

வண்டிய எடு. கண்ணாடியப் பாத்து எடு. அந்த நீல லாரி போகட்டும்… இப்ப எடு.

கொஞ்சம் மிதிய்யா. என்ன, சவ ஊர்வலமா போறோம்? பத்தரைக்கு வரச்சொல்லியிருக்காங்க. அந்தத் தெரேசாப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும். முந்து, அவன முந்து. ஒண்ணும் ஆகாது. சேறு அடிச்சா வைப்பர் எதுக்கு இருக்கு?

ஒண்ணுக்கெல்லாம் இல்ல. நேராப் போ.

இந்த வாசல் வேண்டாம், இது அவசரத்துக்கு வர்றவங்களுக்கு. அடுத்தது. அந்த மூலையில போடு, தூண் பக்கத்துல. நல்லாத்தான் போட்டிருக்க, விடு, திரும்பத் திரும்ப என்னத்த நிமித்துற.

கையுறைய மாட்டிவிடு. இங்கேர்ந்து கதவு வரைக்கும் ஏரிக் காத்து. முதல்ல பெருவிரல். ம். அப்புறம் இது. கட்டுப் போட்டிருக்கற இடத்துல… மெதுவா. மெதுவாய்யா! உயிர் போகுது.

என்ன பாக்குற? வலிக்குதுன்னேன்.

எந்த விரலா? நீ எதப் பிடிச்சு முறுக்குறியோ அதுதான்.

எப்பலேர்ந்தா? அக்டோபர் கடைசியில வாசல்ல பூசணிக்காய் செதுக்கி வைப்பாங்கல்ல, அப்பலேர்ந்து. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் குளிர்ந்த தண்ணி தெரிஞ்சுச்சு. இப்பப் போர்வை பட்டாக்கூடத் தெரியுது. தெரேசா தொட்ட அத்தன இடமும் தெரிஞ்சுச்சு. இல்லன்னேன். பல்லக் கடிச்சுக்கிட்டு, மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டு, இல்லன்னேன். அதான் ஊசியும் வேண்டாம்னேன், ஊசி பொய் சொல்லாது பாரு.

திட்டு. நல்லாத் திட்டு. அடிக்கணும்னா அடி, கையுறைய மட்டும் விட்டுடு. உள்ள போய்ச் சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பொய்யின்னும் சொல்லிடறேன். அந்தம்மா கத்துனா கத்தட்டும், எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

அதக் கேக்காத.

நீ இன்னைக்கு வாயத் திறக்கலன்னா என்ன செஞ்சிருப்பேன்னா? கையெழுத்துப் போட்டாச்சில்ல. எடுக்க விட்டிருப்பேன். வண்டியப் பூட்டிட்டு வா, பத்தரை ஆகப்போகுது.